பிரீட்ரிக் ஆகஸ்ட் வோல்ஃப்: வாழ்வும் மூலபாட ஆய்வுப் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செருமனியில் வாழ்ந்த பிரீட்ரிக் ஆகஸ்ட் வோல்ஃப் (1759-1824), கிரேக்க, இலத்தீன் இலக்கியக் கல்வியைத் தனித்துறையாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர். 1795இல் வெளிவந்த ‘புரோலெகோமெனா அட் ஹோமெரும்’ (ஹோமர் நூல்களுக்கான முன்னாய்வு) என்னும் நூலின்வழி, ஒரு பழம்பெரும் நூலின் இன்றைய பாடம் எவ்வாறு உருவானது என்னும் வினாவை வரலாற்று வினாவாக மாற்றியவர். இக்கட்டுரை வோல்ஃபின் கல்வி, ஆசிரியப்பணி, ஹோமர் ஆய்வு, அதனால் எழுந்த பூசல்கள், அவர் வகுத்த ‘பண்டைக்கால அறிவியல்’ என்னும் துறையின் எல்லைகள் ஆகியவற்றை விளக்குகிறது. அவருடைய முடிவுகளுள் பல பின்னர் மறுக்கப்பட்டபோதும் அவருடைய ஆய்வுமுறை நிலைபெற்றது என்பதும், அவர் வகுத்த துறை எல்லை அவருடைய ஆய்வுமுறைக்கே முரணானது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பிரீட்ரிக் ஆகஸ்ட் வோல்ஃப், ஹோமர், மூலபாட ஆய்வு, பிலாலஜி, வாய்மொழிப் பாடல், ஹாலே பல்கலைக்கழகம்

முன்னுரை

பழைய நூலொன்றைப் பதிப்பிக்கும் அறிஞர் முன் எப்போதும் ஒரு வினா நிற்கிறது. கையிலுள்ள சுவடிகளைக் கொண்டு எவ்வளவு காலத்துக்குப் பின்னோக்கிச் செல்ல முடியும்? ஆசிரியர் இயற்றிய பாடத்தை அடைய முடியுமா, அல்லது அந்நூலைத் தொகுத்தோரும் உரைகண்டோரும் கையாண்ட பாடத்தோடு நின்றுவிட வேண்டுமா? இன்று பதிப்பியல் பயில்வோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் இவ்வினா, ஐரோப்பாவில் ஹோமரின் இலியட், ஒடிசி ஆகிய காப்பியங்களை முன்வைத்துக் கூர்மையாக எழுந்தது. அதனைக் கூர்மைப்படுத்தியவர் வோல்ஃப். மூலபாட ஆய்வின் வரலாற்றைப் பயில்வோர் அவருடைய பணியின் பெருமையையும் குறையையும் ஒருசேர அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

பிறப்பும் கல்வியும்

வோல்ஃப் 1759 பிப்ரவரி 15ஆம் நாள், ஆர்ட்ஸ் மலைப்பகுதியை அடுத்த ஹைன்ரோடே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். நார்ட்ஹவுசன் நகரப் பள்ளியில் பயின்ற காலத்திலேயே வோல்ஃப் பெரும்பாலும் தாமே கற்கும் இயல்பினராக விளங்கினார்.

1777 ஏப்ரல் 8ஆம் நாள் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, தம்மைப் ‘பிலாலஜி மாணவர்’ எனப் பதிவுசெய்ய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அக்காலத்தில் இறையியல், சட்டம், மருத்துவம், தத்துவம் ஆகிய நான்கு புலங்களே இருந்தன. கிரேக்கமும் இலத்தீனும் கற்பிக்க விரும்புவோர் இறையியல் மாணவராகவே சேர்வது வழக்கம். பள்ளி ஆசிரியப்பணி, திருச்சபைப் பணி கிடைக்கும்வரை காத்திருப்போரின் இடைக்காலத் தொழிலாகவே கருதப்பட்டது. ஆகவே, பழைய மொழிகளை அவற்றுக்காகவே கற்பேன் என்ற ஒரு மாணவரின் அறிவிப்பு அக்கால நிறுவன ஒழுங்கோடு பொருந்தாததாக இருந்தது.

இந்நாளைப் பிலாலஜித் துறையின் பிறந்தநாள் எனப் பின்வந்தோர் போற்றினர். ஆயினும் வோல்ஃபுக்கு முன்பே சிலர் அவ்வாறு பதிவுசெய்துள்ளமை பல்கலைக்கழகப் பதிவேடுகளை ஆராய்ந்தோரால் காட்டப்பட்டுள்ளது. எனவே இந்நிகழ்ச்சியின் சிறப்பு அது முதன்முதலாக நிகழ்ந்தது என்பதில் இல்லை. அவ்வாறு பதிவுசெய்த மாணவர், பிற்காலத்தில் அப்பெயருக்குரிய துறையை உருவாக்கும் பணியில் தம் வாழ்நாளைச் செலவிட்டார் என்பதிலேயே உள்ளது.

ஹைனேயும் வோல்ஃபும்

கோட்டிங்கனில் அக்காலத்துச் செவ்வியல் கல்வியின் தலைமை கிறிஸ்டியன் கோட்லோப் ஹைனேயிடம் (1729-1812) இருந்தது. கெம்னிட்ஸ் நகரத்து வறிய நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, கடுமையான வறுமைக்கிடையே கற்று, 1763இல் கோட்டிங்கன் பேராசிரியரானவர் ஹைனே. பல்கலைக்கழக நூலகத்தை ஐரோப்பாவின் முன்னணி நூலகங்களுள் ஒன்றாக வளர்த்தவரும் அவரே. நூல்களைச் சொற்பொருள் நோக்கில் மட்டும் காணாது கலை, தொன்மம், சமூக வாழ்வு ஆகியவற்றோடு இணைத்துக் காணும் போக்கை அவர் வளர்த்தார்.

இருவரும் எளிய குடும்பத்தில் தோன்றியவர்கள். இருவரும் ஒரே துறையை நேசித்தவர்கள். ஆயினும் இணக்கம் ஏற்படவில்லை. வோல்ஃப் வகுப்புகளுக்கு ஒழுங்காகச் செல்வதைவிடத் தம் அறையில் தனித்துப் பயில்வதையே விரும்பினார். பிண்டார் பற்றிய தம் விரிவுரையில் வோல்ஃப் கலந்துகொள்வதற்கு ஹைனே இடந்தரவில்லை. இத்தொடக்கக் கசப்பு, இருபது ஆண்டுகள் கழித்து, ஒரு கருத்துக்கு உரிமையாளர் யார் என்னும் பொதுப்பூசலாக வெளிப்பட்டது.

பள்ளி ஆசிரியராகவும் பேராசிரியராகவும்

1779இல் இல்ஃபெல்ட் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்த வோல்ஃப், 1782இல் ஓஸ்டெரோடே நகரப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அவ்வாண்டிலேயே பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ நூலைப் பதிப்பித்தார். இத்தகைய நூல்களுக்கு இலத்தீனில் குறிப்பெழுதுவதே மரபாக இருந்த காலத்தில், அவர் செருமன் மொழியில் முன்னுரையும் குறிப்பும் எழுதினார். இப்பதிப்பு பிரஷ்ய அமைச்சர் செட்லிட்ஸின் கவனத்தை ஈர்த்தது. தத்துவ அறிஞர் காண்ட் தம் ‘தூய அறிவின் திறனாய்வு’ நூலைக் காணிக்கையாக்கியது இந்த அமைச்சருக்கே ஆகும். 1783இல் வோல்ஃப் ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24.

ஹாலே நகரம் தமிழ் ஆய்வுலகுக்கு அயலானதன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் பணியைப் பேணிய பிராங்கே நிறுவனங்கள் அந்நகரில் இருந்தன. அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அங்கேயே அச்சாயிற்று. சமயக் கல்வியில் ஊன்றிய அந்நகரில், சமயப் பணியிலிருந்து ஆசிரியப் பணியைப் பிரித்தெடுக்கும் முயற்சியை வோல்ஃப் மேற்கொண்டார்.

1787இல் அவர் ஹாலேயில் பிலாலஜிக் கருத்தரங்கை நிறுவினார். இங்குக் கருத்தரங்கு என்பது ஓரிரு நாள் கூடிக் கலையும் அவையன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் சிலர் தொடர்ந்து கூடி, ஒரு நூற்பகுதியைத் தாமே விளக்கி, பாட வேறுபாடுகளை ஆய்ந்து, ஒருவர் கருத்தை மற்றவர் மறுத்துக் கற்கும் பயிற்சிக்கூடம் ஆகும். கோட்டிங்கனில் கெஸ்னரும் ஹைனேயும் நடத்திய கருத்தரங்குகள் இதற்கு முன்னோடிகள். வோல்ஃபின் கருத்தரங்கு இறையியலாளரை ஒதுக்கி, ஆசிரியப்பணியையே வாழ்நாள் தொழிலாகக் கொள்வோரை உருவாக்குவதைத் தெளிவான நோக்கமாகக் கொண்டது. பண்டைய ஏதென்சின் பொருளியலை ஆராய்ந்தவரும் கிரேக்கக் கல்வெட்டுத் தொகுதிக்கு அடித்தளமிட்டவருமான அவுகுஸ்ட் பேக், அரிஸ்டாட்டில் நூல்களைப் பதிப்பித்த இம்மானுவேல் பெக்கர் ஆகியோர் ஹாலேயில் அவரிடம் பயின்றவர்கள்.

புரோலெகோமெனா: தோற்றமும் வாதமும்

வோல்ஃபின் ஹோமர் ஆய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு பதிப்பு. பிரெஞ்சு அறிஞர் வில்வாசோன், வெனிஸ் நகரத்து மார்சியானா நூலகத்திலிருந்த இலியட் சுவடியொன்றை அதன் ஓரக்குறிப்புகளோடு 1788இல் வெளியிட்டார். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சுவடியின் ஓரங்களில், அலெக்சாந்திரியா நூலக அறிஞர்களான செனோடோட்டஸ், பைசாந்தியத்து அரிஸ்டோபனீஸ், அரிஸ்டார்க்கஸ் ஆகியோரின் பாடத் தீர்வுகள் பற்றிய செய்திகள் நிறைந்திருந்தன. இவர்கள் எந்த அடிகளை ஐயுற்றனர், எவற்றை நீக்கக் கருதினர், எந்தப் பாடத்தை விரும்பினர் என்பன அதனால் தெரியவந்தன. அதுவரை ஒரே வடிவினதாகத் தோன்றிய ஹோமரின் பாடம், பல நூற்றாண்டுக் காலம் பலர் கைபட்டுத் திருத்தமுற்ற ஒன்று என்பது வெளிப்பட்டது.

இச்சான்றுகளைக் கொண்டு வோல்ஃப் இலத்தீனில் எழுதிய புரோலெகோமெனா 1795இல் வெளிவந்தது. அதன் வாதத்தைப் பின்வரும் நிலைகளாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, பதிப்புமுறை பற்றியது. ஏதேனும் ஒரு பாடத்தில் இடர்ப்பாடு தோன்றும்போது மட்டும் சுவடியைப் புரட்டிப் பார்த்துத் திருத்துவது பதிப்பாகாது. எல்லாச் சான்றுகளையும் முறையாகத் தொகுத்து, அவற்றின் வரலாற்றை அறிந்து, ஒவ்வோர் அடியையும் ஆய்ந்து நிறுவுவதே உண்மையான பதிப்பாகும். ஹோமரைப் பொறுத்தவரை அவ்வாறு செய்தாலும் எட்டக்கூடியது அலெக்சாந்திரிய அறிஞர் காலத்துப் பாடமே. ஹோமரின் வாயிலிருந்து வந்த பாடம் அன்று.

இரண்டாவது, எழுத்துப் பற்றியது. ஹோமர் காலத்தில் கிரேக்கர் நூலெழுதும் அளவுக்கு எழுத்தைக் கையாளவில்லை என வோல்ஃப் கருதினார். இலியட்டின் ஆறாம் பகுதியில் பெல்லரோபோன் எடுத்துச் செல்லும் தீய குறிகள் எழுத்தைக் குறிப்பன அல்ல என்று அவர் விளக்கினார். ஹோமர் தம் பாடல்களை எழுத்தில் விட்டுச் செல்லவில்லை என்னும் யோசேபஸின் கூற்றையும் சான்றாக்கினார்.

மூன்றாவது, நீளம் பற்றியது. எழுத்தும் வாசகரும் இல்லாத சூழலில், ஒரே அமர்வில் கேட்டு முடிக்க முடியாத இவ்வளவு பெரிய காப்பியத்தை ஒருவர் திட்டமிட்டு இயற்ற வேண்டிய தேவை என்ன என்று அவர் வினவினார். தனித்தனிப் பாடல்களே முதலில் இயற்றப்பட்டன. பாடுநர் அவற்றை நினைவில் கொண்டு பரப்பினர். பாடுந்தோறும் அவை மாறின என்பது அவர் முடிவு.

நான்காவது, தொகுப்புப் பற்றியது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஏதென்சை ஆண்ட பெய்சிஸ்ட்ராட்டஸ் காலத்தில் இப்பாடல்கள் எழுத்தில் தொகுக்கப்பட்டன எனப் பழைய ஆசிரியர்கள் கூறும் செய்தியை அவர் ஏற்றார். காப்பியத்தின் இன்றைய ஒருமை, பெருமளவு தொகுத்தோராலும் திருத்தியோராலும் அமைந்தது என்றார்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஹோமர் என ஒருவரே இல்லை என்று வோல்ஃப் கூறியதாகப் பலர் எழுதுவது பொருந்தாது. பாடல்களில் பெரும்பகுதியை ஒரு பெரும்புலவர் இயற்றினார், பின்வந்தோர் அவ்விழையைத் தொடர்ந்து நெய்தனர் என்பதே அவர் நிலைப்பாடு. மேலும், வரலாற்றுச் சான்றுகளை மறந்து காப்பியத்தில் தோய்ந்து படிக்கும்போது அதன் ஒருமை தம்மை ஈர்த்துச் செல்வதை அவரே ஒப்புக்கொண்டார். சுவைஞராகத் தாம் உணர்ந்ததை, ஆய்வாளராக அவரால் நிறுவ இயலவில்லை. இவ்விரண்டையும் மறைக்காமல் பதிவுசெய்தமை அவருடைய ஆய்வு நேர்மைக்குச் சான்றாகும். நூலின் முதற்பகுதி மட்டுமே வெளிவந்தது. இரண்டாம் பகுதி நிறைவுறவேயில்லை.

முன்னோர் கடனும் உரிமைப் பூசலும்

மேற்கண்ட கருத்துகள் அனைத்தும் வோல்ஃபுக்கே உரியவை அல்ல. ஹோமர் எழுத்தறியாதவர் என்னும் கருத்தை ராபர்ட் வுட் முன்பே வெளியிட்டிருந்தார். அவருடைய நூல் செருமன் மொழியிலும் பெயர்க்கப்பட்டிருந்தது. இலியட் தனிப்பாடல்களின் தொகுப்பு என்னும் கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் தோபிஞாக் எழுதிய நூல் 1715இலேயே அச்சில் வந்திருந்தது. பழைய ஏற்பாடு பல மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டுப் பின்வந்தோரால் பேணப்பட்ட வரலாற்றை ஆராய்ந்த ஐக்கார்னின் ‘பழைய ஏற்பாட்டு முன்னுரை’ (1780-83), வோல்ஃபின் ஆய்வுமுறைக்கு நெருங்கிய முன்மாதிரியாக அமைந்தது. எபிரேயத் திருநூலின் பாடத்தைக் காத்த மசோரெட் அறிஞர்களை அலெக்சாந்திரிய அறிஞர்களோடு வோல்ஃபே ஒப்பிட்டுள்ளார்.

நூல் வெளிவந்ததும் ஹைனே எழுதிய மதிப்புரை, இக்கருத்துகள் தம் வகுப்புகளில் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்தவையே என்னும் பொருள்பட அமைந்தது. வோல்ஃப் இதனைப் பொறுக்கவில்லை. ஹைனேக்கு எழுதிய மடல்கள் என்னும் வடிவில் கடுமையான மறுப்பு நூலொன்றை 1797இல் வெளியிட்டார். ஹோமர் பற்றி இதழொன்றில் கட்டுரை எழுதிய ஹெர்டரும் அவருடைய தாக்குதலுக்கு உள்ளானார்.

இப்பூசலில் இரு தரப்பிலும் ஓரளவு நியாயம் உண்டு. தனித்தனிக் கருத்துகளை நோக்கினால் வோல்ஃப் முதல்வர் அல்லர். ஆனால் ஊகங்களாகச் சிதறிக் கிடந்தவற்றைச் சுவடிச் சான்று, பழைய ஆசிரியர் கூற்று, எழுத்தின் வரலாறு ஆகியவற்றோடு இணைத்து, படிப்படியாகச் சரிபார்க்கத்தக்க வாதமாக அமைத்தவர் அவரே. வகுப்பறையில் கூறப்பட்ட கருத்துக்கும் சான்றுகளோடு நிறுவப்பட்ட ஆய்வுக்கும் உள்ள வேறுபாட்டை இப்பூசல் இன்றளவும் உணர்த்துகிறது. அதேவேளை, தமக்கு முன்னோடியாக அமைந்தோர்க்கு வோல்ஃப் தாராளமாக நன்றி கூறியிருப்பின், அவருடைய பெருமை குறைந்திராது.

கவிஞர்களும் இவ்வாய்வால் அலைக்கழிந்தனர். கோதே முதலில் இக்கருத்தை வரவேற்றார். ஒரே ஹோமரின் நிழல் நீங்கியதால் தாமும் காப்பியம் பாடலாம் என்னும் துணிவு அவருக்குப் பிறந்தது. பின்னர் அவர் காப்பிய ஒருமையின் பக்கமே திரும்பினார். ஷில்லர் தொடக்கம் முதலே இக்கருத்தை ஏற்கவில்லை.

பண்டைக்கால அறிவியலும் அதன் எல்லையும்

1806 அக்டோபரில் நெப்போலியனின் படை ஹாலேயைக் கைப்பற்றியது, பல்கலைக்கழகம் மூடப்பட்டது. இருபத்துமூன்று ஆண்டுகள் வோல்ஃப் கட்டியெழுப்பிய பணிக்களம் ஒரே நாளில் கலைந்தது. 1807இல் அவர் பெர்லினுக்குச் சென்றார். அவ்வாண்டு வெளிவந்த ‘பண்டைக்கால அறிவியல் விளக்கம்’ என்னும் அவருடைய கட்டுரை கோதேவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. இலக்கணம், பொருள்கோள், பாட ஆய்வு முதலாக நிலவியல், வரலாறு, தொன்மம், கலை, நாணயம், கல்வெட்டு ஈறாக 24 துறைகளை அது ஒரே அறிவுப்பரப்பாக ஒழுங்குபடுத்தியது. இவையனைத்தின் இறுதி நோக்கம் பண்டைய மக்களின் வாழ்வை முழுமையாக அறிவதும், அதன்வழி மனித இயல்பை உணர்வதும் என்றார்.

ஆயின் அம்மக்கள் யாவர்? கிரேக்கரும் உரோமருமே என்பது வோல்ஃபின் விடை. எகிப்தியர், எபிரேயர், பாரசீகர் முதலியோர் நாகரிக வாழ்வை எட்டினரேயன்றி உயர்ந்த அறிவுப் பண்பாட்டை எட்டவில்லை என்று கூறி, அவர்களைப் பண்டைக்கால அறிவியலின் எல்லைக்கு வெளியே நிறுத்தினார். இங்கு அவருடைய ஆய்வுமுறையும் அவர் வகுத்த எல்லையும் முரண்படுகின்றன. எபிரேயத் திருநூல் ஆய்விலிருந்து கற்ற முறையைக் கொண்டு ஹோமரை ஆராய்ந்தவர், எபிரேயரையே துறையிலிருந்து விலக்கினார். சான்றுகளை ஆராய்ந்து எட்டிய முடிவாக அன்றி, அக்காலச் செருமானிய அறிவுலகின் கிரேக்கப் பற்றிலிருந்து பிறந்த மதிப்பீடாகவே இதனைக் கொள்ள வேண்டும். ‘செம்மொழி’ என்னும் சொல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் இரு மொழிகளை மட்டும் சுட்டி நின்றமைக்கு இத்தகைய எல்லைகோலும் ஒரு காரணம்.

இறுதிக்காலம்

வோல்ஃபின் நண்பர் வில்ஹெல்ம் வான் ஹம்போல்ட்டின் முயற்சியால் 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பிரஷ்யாவில் பள்ளி ஆசிரியர்க்கெனத் தனித் தகுதித் தேர்வு ஏற்படுத்தப்பட்டது. ஆசிரியப்பணி இறையியலிலிருந்து பிரிந்து தனித்தொழிலாக வேண்டும் என்னும் வோல்ஃபின் நெடுநாள் விருப்பம் இவ்வாறு சட்ட வடிவம் பெற்றது.

எனினும் பெர்லின் வாழ்வு அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஹாலேயில் பெற்ற செல்வாக்கை அங்கு அவர் பெறவில்லை. பழைய நண்பர்களோடும் மாணவர்களோடும் பிணக்குகள் பெருகின. பெருநூல் எதுவும் வெளிவரவில்லை. உடல்நலம் நாடித் தென்பிரான்சுக்குப் பயணமானவர், 1824 ஆகஸ்டு 8ஆம் நாள் மார்செய் நகரில் மறைந்தார்.

பிற்கால ஆய்வும் தமிழ்த் தொடர்பும்

வோல்ஃபுக்குப் பின் லாக்மன் இலியட்டைத் தனிப்பாடல்களாகப் பகுத்துக் காட்ட முயன்றார். காப்பிய ஒருமையை வலியுறுத்துவோர் அதனை மறுத்தனர். தொல்லியலும் வோல்ஃபின் சில கருத்துகளைத் திருத்தியது. 1871இல் ஏதென்சிலும் 1954இல் இத்தாலியின் இஸ்கியா தீவிலும் கிடைத்த மட்கலங்கள், கி.மு. எட்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் செய்யுளை எழுத்தில் பொறித்தமையைக் காட்டின. பெய்சிஸ்ட்ராட்டஸ் தொகுப்புப் பற்றிய செய்தியும் ஐயத்துக்குள்ளாயிற்று.

எழுத்தின்றி நெடும்பாடல் இயற்ற இயலாது என்னும் அவர் கருத்தும் மறுக்கப்பட்டது. அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1930களில் யூகோசுலாவியாவில் வாய்மொழிப் பாடகர்களை நேரில் கேட்டுப் பதிவுசெய்தார். வாய்பாட்டுத் தொடர்களின் துணையால் நெடும்பாடல்களைப் பாடும்போதே இயற்ற முடியும் என்பது அதனால் புலனாயிற்று. இதனை ஆல்பர்ட் லார்டு 1960இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். வோல்ஃபின் விடை இவ்வாறு வீழ்ந்தாலும், வாய்மொழி வழக்கு ஒரு நூலின் ஆக்கத்தை எவ்வாறு பாதிக்கிறது என்னும் அவருடைய வினாவே இவ்வாய்வுகளுக்கெல்லாம் வழிகோலியது.

அவ்வினா தமிழாய்வையும் வந்தடைந்தது. ஈழத்து அறிஞர் க. கைலாசபதி, கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய ஆய்வு, 1968இல் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக வெளிவந்தது. பாரி, லார்டு ஆகியோரின் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி, அவற்றைப் பாணர் மரபுசார் வாய்மொழிப் பாடல்களாக அந்நூல் விளக்கியது. அதன் முடிவுகளை ஏற்போரும் மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், கிரேக்கர்க்கும் உரோமர்க்கும் மட்டுமென வோல்ஃப் வகுத்த எல்லையை அவர் தொடங்கிவைத்த வினாவே கடந்து சென்றது என்பதற்கு அந்நூல் தக்க சான்றாகும்.

முடிவுரை

பழைய மொழிக் கல்வியை இறையியலின் துணைப்பாடம் என்னும் நிலையிலிருந்து விடுவித்து, பயிற்சிமுறையும் தொழில்நெறியும் கொண்ட தனித்துறையாக்கியதில் வோல்ஃபின் பங்கு பெரிது. ஒரு நூலின் பாடத்தை நிறுவுமுன் அப்பாடம் கைமாறி வந்த வரலாற்றை நிறுவ வேண்டும் என்பதே புரோலெகோமெனாவின் நிலைத்த கொடை. எழுத்து, தொகுப்பு ஆகியவை பற்றிய அவருடைய முடிவுகள் புதிய சான்றுகளால் திருத்தமுற்றன; அவருடைய முறை அத்திருத்தங்களுக்கும் கருவியாக நின்றது. கீழைநாட்டுப் பழமையை விலக்கிய அவருடைய துறை எல்லை அம்முறையின் விளைவன்று. அவர் காலத்து விருப்பின் விளைவே. எனவே வோல்ஃபைப் பயில்வோர் அவருடைய முறையைக் கைக்கொள்வதோடு, அவர் தம் மதிப்பீடுகளை ஆராயாமல் விட்ட இடத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். சுவடியை ஐயுற்று ஆராயும் அதே கண்டிப்போடு தம் துறையின் எல்லைகளையும் ஆராய்வதே மூலபாட ஆய்வாளரின் கடமை என்பதை அவருடைய வாழ்வும் பணியும் ஒருங்கே உணர்த்துகின்றன.